ஆமாக்குழி

எங்கள் பாறைப்பட்டியில் நாலு பேரைத் தின்ற கல்குழி, அந்த நாலு பேருக்கும் பதினாறாம் நாள் காரியம் நடந்த காலையில் வாய் திறந்து பேசத் தொடங்கியது. பேச்சு என்றால் நீளமாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு சொல். செத்துப்போன பவுன்ராஜின் அம்மா சீனியம்மா, காரியம் முடிந்த ஈரத் தலையோடு குழியின் விளிம்புக்குப் போய், இருபத்திரண்டு வயது மகனைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்த அந்தப் பள்ளத்தைப் பார்த்து, "பவுனு, வலி தெரியாமத்தான போன?" என்று கேட்டாள். அடியில் தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து, ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத குரலில், "ஆமா" என்று பதில் வந்தது. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. ஒருவரும் ஓடவில்லை. யாரோ சீனியம்மாவுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள், அவள் குடித்தாள், பதினாறு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறும் சாப்பிட்டாள்.

குழி ஏன் பேசியது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கல் உடைக்கவே நேரம் போதாத ஊர் அது. பேசுகிற குழி வாய்த்துவிட்டது, கேட்க வேண்டியதைக் கேட்போம் என்று கிளம்பிவிட்டோம். இந்த மாசம் மழை உண்டா என்று கேட்டோம், ஆமா என்றது, ஒன்பதாம் நாள் நாலு தூறல் விழுந்தது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்ல ஊரில் ஒரு நாக்கு இல்லை. கிணறு வெட்டினால் ஊறுமா, ஆமா. பெண்ணுக்கு இந்த வரன் அமையுமா, ஆமா. காணாமல் போன ஆடு திரும்புமா, ஆமா. ஆடு திரும்பியவர்கள் தேங்காய் உடைத்தார்கள், திரும்பாதவர்கள் தாங்கள் ராகுகாலத்தில் கேட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பலித்ததை ஊரே பேசியது. பலிக்காததைப் பேச, பாதிக்கப்பட்டவனுக்கே வெட்கமாக இருந்தது. மூன்று மாதத்தில் விளிம்பைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது, செருப்பைக் கழற்றிப் போட ஓர் இடம் வந்தது, டவுன்பஸ் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெயரை மறந்துவிட்டு "ஆமாக்குழி எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார். எங்கள் பேச்சே மாறிவிட்டது. "சோறு ஆச்சா?" என்று கேட்ட வாய்கள் "சோறு ஆயிருச்சுதான?" என்று கேட்கப் பழகின.

அந்த நாலு பேர் செத்த விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

குழிக்குள் பாறையில் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைப்பார்கள். திரியைக் கொளுத்தியதும் எல்லோரும் மேலே ஏறி வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவோம். அங்கே இருளாயி உட்கார்ந்திருப்பாள். எத்தனை துளையோ அத்தனை கூழாங்கல் அவள் மடியில் இருக்கும். ஒரு வெடி வெடித்தால் ஒரு கல்லை எடுத்துப் பக்கத்துத் தகர டப்பாவில் போடுவாள். மடி காலியானால் விசில் ஊதுவாள், அந்த விசில் கேட்காமல் எவனும் குழிக்குள் கால் வைக்க மாட்டான். எதிர்ப்பாறையில் மோதி வெடிச்சத்தம் திரும்பி வரும், கேட்பதற்கு இன்னொரு வெடி போலவே இருக்கும். அதனால் காதை நம்பக்கூடாது, காலைத்தான் நம்ப வேண்டும் என்பாள் இருளாயி. நிஜ வெடிக்கு உள்ளங்காலில் தரை உதறும், எதிரொலிக்கு உதறாது. பதினெட்டு வருஷம் அவள் கால் பொய் சொன்னதில்லை.

அன்றைக்குப் பதினொரு துளை. லாரிகள் காத்துக்கிடந்தன. அவள் மடியில் ஒரே ஒரு கல் மிச்சமிருக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. எதற்காகக் காத்திருந்தாளோ அதுவே வந்ததால் அவள் காலைக் கேட்கவில்லை. "பதினொண்ணும் ஆயிருச்சுல்ல?" என்று மேஸ்திரி வைரவன் கேட்டார். "ஆமா" என்று இருளாயி கல்லைப் போட்டாள், விசில் ஊதினாள். முதலில் இறங்கிய நாலு பேரில் ஒருவன் பவுன்ராஜ், இன்னொருவன் இருளாயியின் புருஷன் காத்தமுத்து. அவர்கள் கல்லைப் புரட்டும்போது குழி இன்னொரு முறை வெடித்தது.

போலீஸ் விபத்து என்று எழுதி மூடியது, முதலாளி ஊரை விட்டே போய்விட்டார், குழியில் தண்ணீர் ஊறியது. இருளாயி தினமும் விடிந்ததும் விளிம்புக்குப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "பதினொண்ணும் வெடிச்சிருச்சுதான?" ஆமா என்று குழி சொல்லும். அந்த ஒரு ஆமாவைக் குடித்துத்தான் அவள் அன்றைய பொழுதைத் தள்ளினாள். நாங்கள் அவளை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை, ஏனென்றால் குழியே சாட்சி சொல்லிவிட்டது.

ஆனால் பதினொன்றும் வெடித்துவிட்டது என்றால் நாலு பேரைக் கொன்றது எது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாங்கள் பாழாய்ப்போனோம். வைரவன் மேஸ்திரிதான் முதலில் சொன்னார், பன்னிரண்டாவதாக ஒரு துளை இருந்திருக்க வேண்டும், அதை யாரோ ஒளித்துப் போட்டிருக்க வேண்டும் என்று. துளை போடுகிறவன் சூசை. வெளியூர்க்காரன், எங்கள் ஊர் லூர்துவைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டோடு இருந்தவன், அதிகம் பேசாதவன். அன்றைக்குத் துளைகளைப் போட்டு முடித்ததும் பல் பிடுங்க டவுனுக்குப் போய்விட்டதால் உயிர் தப்பியவன். இத்தனையும் சேர்ந்தால் போதாதா? கூட்டம் கூடியது, மேஸ்திரி விளிம்பில் நின்று கேட்டார்.

"பன்னெண்டாவதா ஒரு துளை இருந்துச்சுதான?"

"ஆமா."

"போட்டது சூசைதான?"

"ஆமா."

"பல்லுவலின்னு சொன்னது பொய்தான?"

"ஆமா."

சூசை வாயைத் திறந்து பல் போன ஓட்டையைக் காட்டினான். "வேணும்னே புடுங்கியிருப்பான்" என்றார் ஒருவர். அவன் கத்தினால் நடிப்பு என்றோம், பேசாமல் நின்றால் ஒப்புக்கொண்டான் என்றோம், அழுதால் மனசாட்சி உறுத்துகிறது என்றோம். "மடியில கனமில்லன்னா வழியில என்னப்பா பயம்?" என்று கேட்டதும் எங்கள் வாய்தான். எந்தக் கையால் போட்டான் என்று சர்ச்சை வந்தது, "வலது கைதான?" என்று கேட்டார்கள், ஆமா என்றது குழி. எட்டு ராத்தல் சம்மட்டியால் அந்தக் கையைக் கல்லில் வைத்து அடித்தார்கள். அடித்தார்கள் என்று சொல்வது கோழைத்தனம். அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தவன் நான். எலும்பு நொறுங்கியது என் உள்ளங்கையில் தெரிந்தது. அப்போதும் நான் நியாயத்தின் பக்கம் நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவனை விளிம்பில் நிறுத்தி, "இவன் உனக்கு வேணுமா?" என்று கேட்பது, குழி என்ன சொல்கிறதோ அதன்படி செய்வது என்று முடிவானது. அதுவரை துளை போடும் கம்ப்ரஷர் நின்ற கொட்டகையில் பூட்டி வைத்தோம். குழி என்ன சொல்லும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தோம்.

புதன்கிழமை லூர்து இருளாயி வீட்டுக்குப் போனாள். அழுது தீர்ந்துபோயிருந்தாள், கண்ணீரில்லாமல் வாசலில் உட்கார்ந்தாள்.

"யக்கா, என் வீட்டுக்காரரு போட்ட துளைக்கெல்லாம் கயித்துல முடிச்சுப் போட்டு வச்சிருப்பாரு. எண்ணிப் பாத்தேன். பதினொண்ணுதான் இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய, லூர்து? பதினொண்ணும் வெடிச்சிருச்சு. குழியே தெனமும் சொல்லுதே."

"அது சொல்லட்டும் யக்கா. ஒங்க காலு என்ன சொல்லுச்சு?"

பதினெட்டு வருஷத்தில் இருளாயியிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை, அவளும் அந்த ஒருநாளைப் பற்றித் தன்னையே கேட்டதில்லை. மறுநாள் விடிந்ததும் விளிம்புக்குப் போனாள். வழக்கமான கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "பத்துதான் வெடிச்சிச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா."

இருளாயி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமே வெடிக்கலயா?"

"ஆமா."

"எம் புருசன் சாகலயா?"

"ஆமா."

அப்போதுதான் அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. லாரிகள் காத்திருந்த அந்த நடுப்பகலில், மேஸ்திரிக்கு அவள் சொன்ன ஆமாவேதான் அது. அதே அவசரம், அதே இழுப்பு. இத்தனை மாதமாக ஊரே கும்பிட்டது தன் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு சொல்லை என்று அவளுக்குப் புரிந்தது. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்று ஆடு மேய்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை ஊரே விளிம்பில் நின்றது. சூசையை இடுப்பில் கயிறு கட்டிக் கூட்டிவந்தார்கள். கை வீங்கிக் கறுத்திருந்தது, லூர்துவின் பழைய சேலைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். மேஸ்திரி தொண்டையைச் செருமும்போது இருளாயி முன்னால் வந்து, யாரையும் பார்க்காமல் குழியைப் பார்த்துக் கேட்டாள்.

"இருளாயிதான் தப்பா எண்ணுனாளா?"

"ஆமா."

கூட்டம் முணுமுணுத்தது. மேஸ்திரி சட்டென்று சொன்னார், "அப்ப ரெண்டு பேரும் கூட்டு." பலரும் தலையை ஆட்டினோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவள் எங்களுக்கு எதிரியாகிவிட்டாள்.

"வைரவன் மேஸ்திரி அவசரப்படுத்துனதாலதானா?"

"ஆமா."

"சூசை ஒண்ணுமே செய்யலயா?"

"ஆமா."

"இந்தா, நிறுத்து" என்றார் மேஸ்திரி. "ஒரு ஆளுக்கு ஒரு கேள்விதான் செல்லும். மிச்சத்தைக் குழி சலிப்புல சொல்லுது." அப்படி ஒரு விதி அதுவரை இருந்ததில்லை. ஆனாலும் அது பழைய விதி போலத்தான் எங்கள் எல்லோருக்கும் பட்டது.

இருளாயி எங்கள் பக்கம் திரும்பினாள். "அது எதுக்கும் ஆமாதான் சொல்லும். நான் சொன்னா நம்ப வேணாம். நீங்க ஒவ்வொருத்தரும் அதுக்கிட்ட ஒரு ஆமா வாங்கி வச்சிருக்கீங்கல்ல? அதைத் திருப்பிப் போட்டுக் கேளுங்க. யாராவது ஒரே ஒரு ஆளு கேளுங்க, போதும்."

ஒருவரும் அசையவில்லை. சூசை செத்தாலும் பரவாயில்லை, என் ஆமா உடையக்கூடாது என்றுதான் அத்தனை பேரும் நின்றோம். மகளின் நோய் தீரும் என்று ஆமா வாங்கியவன் அங்கே இருந்தான். ஓடிப்போன மனைவி திரும்புவாள் என்று வாங்கியவனும் இருந்தான். அதைத் திருப்பிக் கேட்க யாருக்கு நெஞ்சு வரும்?

பின்னாலிருந்து சீனியம்மா வந்தாள். அவள் எதைக் கேட்கப் போகிறாள் என்று புரிந்ததும் இருளாயி இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"யக்கா, நீ வேணாம். ஒனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

"தள்ளு தாயி. மொதல்ல கேட்டவ நான். நாந்தான் திருப்பணும்."

விளிம்பில் நின்று, ஒரு மூச்சு இழுத்து, அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற சாதாரணக் குரலில் கேட்டாள். "பவுனு, வலியோடதான் போனியா?"

"ஆமா" என்றது குழி. முதல்நாள் சொன்ன அதே குரல், அதே அளவு.

சீனியம்மா விழவில்லை. கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "அவனை அவுத்து விடுங்க" என்றாள். மகனைப் பறிகொடுத்தவள் சொன்ன பிறகு மேஸ்திரியும் விலகி நின்றார், யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. யாரும் கேட்காமலே சொன்னேன். "அன்னைக்கு எனக்குப் பத்துதான் கேட்டுச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேப்பமரத்தடியில் நின்றபோது பத்துதான் கேட்டது, காலுக்கும் பத்துதான் தெரிந்தது, ஆனால் இருளாயி கல்லைப் போட்டாள், சுற்றிலும் எல்லோரும் எழுந்தார்கள், இத்தனை பேருக்குக் கேட்டது எனக்கு மட்டும் கேட்காமல் போயிருக்கிறது என்று நினைத்து நானும் எழுந்துவிட்டேன். இதைச் சொல்லி முடிக்கும்முன் கம்ப்ரஷர் ஓட்டும் பெருமாள் "எனக்கும் பத்துதான்" என்றார். பிறகு ஒரு பெண்குரல், எனக்கும். அன்றைக்கு மரத்தடியில் நின்ற நாற்பது பேரில் பதினேழு பேருக்குப் பத்துதான் கேட்டிருக்கிறது. பதினேழு பேரும் தனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒருவன் கையைத் தூக்கியிருந்தால் நாலு பேர் பிழைத்திருப்பார்கள், சூசைக்குக் கை இருந்திருக்கும்.

சூசையும் லூர்துவும் மறுநாள் காலை பஸ்ஸில் போனார்கள். அவர்கள் டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கி ஏற்றினேன். "மன்னிச்சிரு மாப்ள" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, இடது கையால் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒரு மாதத்துக்குள் ஊரில் எல்லோரும், சூசை அப்பாவி என்று எனக்கு அப்பவே தெரியும் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். வேலியோரம் நின்று ஒருவர், "நாம அவனைச் சந்தேகப்படவே இல்லதான?" என்று குழியிடம் கேட்டது என் காதிலேயே விழுந்தது. குழி என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் கிழக்குச் சரிவில் புதுக் குழி திறந்தார்கள். வேறு முதலாளி, அதே பாறை, அதே மருந்து. இருளாயி எண்ண மாட்டேன் என்றாள். நாங்கள் கெஞ்சினோம், அவள் கதவைச் சாத்தினாள். கடைசியில் சீனியம்மா போய்க் கூப்பிட்டாள்.

"நீ எண்ணு. நான் கூடவே ஒக்காந்து இல்லங்கறேன்."

"என்னக்கா சொல்ற?"

"நீ ஆயிருச்சும்ப. நான் இல்லம்பேன். நான் ஒப்புக்கற வரைக்கும் நீ விசில எடுக்கப்படாது."

அப்படித்தான் நடக்கிறது. புது வேப்பமரத்தடியில் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருகிறார்கள். இப்போது இருளாயி வெடித்ததை எண்ணுவதில்லை. எல்லாத் துளையும் உயிரோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, செத்ததற்குச் சாட்சி கிடைத்தால் மட்டும் ஒரு கல்லை மடியிலிருந்து எடுக்கிறாள். எங்களிடம் "ஆயிருச்சுல்ல?" என்று அவள் கேட்பதில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுள்ளியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காமல் வெடிக்கு ஒரு கோடு தரையில் கீறச் சொல்கிறாள், பிறகு நடந்துவந்து பார்க்கிறாள். ஒருவன் கோடு குறைந்தாலும் அவன் முன்னால் நின்று, "உனக்கு என்ன கேட்டுச்சு, சொல்லு" என்கிறாள். மடி காலியானதும் சீனியம்மாவிடம் சொல்கிறாள், ஆயிருச்சு யக்கா. "இல்ல" என்கிறாள் சீனியம்மா. ஏன் இல்லை என்று அவளும் ஏன் ஆயிற்று என்று இவளும் பேசித் தீர்ப்பதற்குள் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான்.

ஒரு வருஷத்தில் இருநூறு தடவைக்கு மேல் அந்த இல்லை வீண்தான். தை மாசம் ஒருநாள், ஒன்பது துளையும் ஆனது என்று எல்லாச் சுள்ளியும் சொல்லியும் சீனியம்மா மட்டும் இல்லை இல்லை என்று அரைமணி நேரம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தபோது, ஆளில்லாத குழிக்குள் ஒன்பதாவது வெடித்தது. யாரும் சாகவில்லை. யாரும் சாகாததால் யார் பிழைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, சோற்று நேரம் போய்விட்டது என்று திட்டிக்கொண்டே இறங்கினார்கள். முதலில் இறங்க இருந்த நான் அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன்.

பவுன்ராஜ் செத்த நாள் இரண்டாம் முறை வந்தது. வேலைக்குப் போகும் வழியில் இரண்டு பெண்களும் பழைய குழிக்குப் போனார்கள். பின்னால் நானும் போனேன். சீனியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காததை மெதுவாகக் கேட்டாள்.

"பவுனு, வலி தெரியாமத்தான போன?"

"ஆமா."

சீனியம்மா குழியைப் பார்க்கவில்லை. திரும்பி இருளாயியைப் பார்த்தாள். ஒருத்தி ஆமா சொன்னால் இன்னொருத்தி இல்லை சொல்ல வேண்டும், அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அது. ஆமா சொன்னது இருளாயியின் குரல், இல்லை சொல்ல வேண்டியதும் அவளுடைய வாய். இருளாயி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"தெரியல யக்கா" என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியல."

குழி பேசாமல் இருந்தது. சீனியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், இருவரும் கிழக்குச் சரிவுக்கு நடந்தார்கள். அன்றைக்கு எட்டுத் துளை, இருளாயி வழியிலேயே குனிந்து எட்டுக் கல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.